உடலமைவும் இதயமும் மூச்சும்: சூரிய நமஸ்காரத்தின் உடலியல்

பொருளும் எல்லையும்

உடற்பயிற்சி பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்னும் இரண்டு அளவுகளோடு நின்றுவிடுகின்றன. உடல் நின்றபடியா, குனிந்தபடியா, படுத்தபடியா அந்த வேலையைச் செய்கிறது என்னும் கேள்விக்கு அவற்றில் இடம் கிடைப்பது அரிது. ஆயினும் ஒரு துடிப்பில் இதயத்திலிருந்து வெளியேறும் இரத்தத்தின் அளவும், ஒரு மூச்சில் உட்செல்லும் காற்றின் அளவும், அந்தக் காற்றும் இரத்தமும் நுரையீரலின் எப்பகுதியில் சந்திக்கின்றன என்பதும் உடல் இருக்கும் நிலைக்கு ஏற்ப மாறுபவை. தலையும் முதுகும் கைகால்களும் புவியீர்ப்புக்கு எதிரே ஒன்றையொன்று சார்ந்து அமைந்திருக்கும் முறை இச்சொற்பொழிவில் ‘உடலமைவு’ எனப்படுகிறது. உடலமைவைத் திட்டமிட்டு மாற்றிக்கொண்டே தொடர்ந்து இயங்கும்போது இதயமும் நுரையீரலும் அதற்கு எவ்வாறு ஈடுகொடுக்கின்றன என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

தசைகள் ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சர்க்கரையையும் கொழுப்பையும் எரித்து, களைப்பு மேலிடாமல் நெடுநேரம் இயங்கக்கூடிய பயிற்சி ‘ஏரோபிக்’ பயிற்சி எனப்படுகிறது. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இச்சொல் உலகெங்கும் பரவியது. நடை, ஓட்டம், மிதிவண்டி, நீச்சல் ஆகிய பயிற்சிகளில் கைகால்கள் அசைந்தாலும் தலையும் இதயமும் ஒன்றுக்கொன்று நிற்கும் உயரம் பெரிதாக மாறுவதில்லை. சூரிய நமஸ்காரத்தில் நிலைமை வேறு. அதன் 12 நிலைகளில் உடல் நிற்கிறது, பின்னோக்கி வளைகிறது, முன்னோக்கிக் குனிகிறது, கைகளின்மேல் எடையை ஏற்றுகிறது, தரையோடு படிகிறது, மீண்டும் எழுகிறது. ஒரே சுற்றுக்குள் தலை இதயத்துக்கு மேலும் கீழும் பலமுறை சென்றுவருகிறது. உடலமைவின் விளைவுகளை ஆராய இதைவிடப் பொருத்தமான பயிற்சி கிடைப்பது அரிது என்பதால் இதுவே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

இப்பயிற்சியை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் கொண்டுசென்றவர்களுள் ஔந்து சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி முதன்மையானவர். ஆசனங்களையும் மூச்சுப் பயிற்சிகளையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்க்க வேண்டும் என்னும் நோக்கோடு சுவாமி குவலயானந்தர் 1924இல் லோனாவ்லாவில் கைவல்யதாமத்தை நிறுவினார். மைசூர் அரண்மனையில் 1930களில் யோகம் கற்பித்து, பின்னர் சென்னையில் வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார், ஒவ்வோர் அசைவும் ஒரு மூச்சோடு இணைந்தே நிகழ வேண்டும் என்னும் முறையை வலியுறுத்தினார். அசைவும் மூச்சும் ஏன் இணைய வேண்டும் என்பதற்கு உடலியல் தரும் விளக்கம் இதயத்திற்குத் திரும்பி வரும் இரத்தத்திலிருந்து தொடங்குகிறது.

திரும்பி வரும் இரத்தம்

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் வீதம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் இரத்தத்தை வெளியேற்றுகிறது. கடும் உழைப்பின்போது இது சாதாரண மனிதரிடம் 15 முதல் 20 லிட்டர் வரை உயர்கிறது. ஒரு துடிப்பில் வெளியேறுவது ‘துடிப்பளவு’ என்றும், ஒரு நிமிடத்தில் வெளியேறுவது ‘இதய வெளியேற்றம்’ என்றும் குறிக்கப்படும். வில்லியம் ஹார்வி 1628இல் காட்டியதுபோல் இரத்தம் சுற்றி வருவதாகையால், இதயம் தனக்கு வந்து சேர்வதற்கு மேல் ஒரு துளியும் அனுப்ப இயலாது. இதயத்தை நோக்கி இரத்தம் கொண்டுவரும் குழாய்களான சிரைகள் மிகுதியாக நிரப்பினால், இதயத் தசைநார்கள் நீண்டு விரிந்து, அடுத்த துடிப்பில் வலுவாகச் சுருங்குகின்றன. ஓட்டோ ஃபிராங்க் 1895இலும், எர்னஸ்ட் ஸ்டார்லிங் அதற்கடுத்த இருபது ஆண்டுகளிலும் நிறுவிய இவ்விதி இருவர் பெயராலும் வழங்குகிறது.

உடலமைவு இவ்விதியின் வழியாகவே இதயத்தைத் தொடுகிறது. படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் மார்பிலிருந்து இறங்கி, வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் கால்களிலும் உள்ள சிரைகளில் தேங்குகிறது. இதயத்துக்கு வருவது குறைகிறது, துடிப்பளவு சுருங்குகிறது, இரத்த அழுத்தம் தாழ முனைகிறது. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் இதை உடனே அறிந்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு ஒரு நொடிக்குள் தன் பிடியைத் தளர்த்துகிறது. சில நொடிகள் கழித்துப் பரிவு நரம்புகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. ஒருவர் மயங்கி விழாமல் எழுந்து நிற்பதே இத்தனை ஏற்பாட்டின் விளைவாகும்.

கால்களில் இறங்கிய இரத்தத்தை மேலேற்ற இரண்டு துணைகள் உண்டு. ஒன்று கெண்டைக்கால் தசை. அசையாமல் நிற்பவரின் கணுக்காலருகே சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. அவர் நடக்கத் தொடங்கியதும், சுருங்கும் தசை சிரைகளைப் பிழிய, ஒருவழிக் கதவுகள்போல் அமைந்த சிரை வால்வுகள் இரத்தம் கீழே திரும்புவதைத் தடுக்க, அந்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகத் தாழ்கிறது. மற்றொன்று மூச்சு. காற்றை உள்ளிழுக்கும்போது மார்பறையின் அழுத்தம் குறைந்து வயிற்றறையின் அழுத்தம் கூடுவதால், வயிற்றுச் சிரைகளிலிருந்து இரத்தம் மார்பை நோக்கி இழுக்கப்படுகிறது. உடல் வெறுமனே நிமிர்ந்திருப்பது இதயத்துக்குச் சுமையாகிறது. நிமிர்ந்த உடல் அசைந்தும் மூச்சுவிட்டும் இருக்கும்போது அச்சுமையே பயிற்சியாக மாறுகிறது.

நிமிராத உடலுக்கு நேர்வது

இதற்கு வலுவான சான்று பயிற்சி செய்தவர்களிடமிருந்து அல்ல, படுக்கவைக்கப்பட்டவர்களிடமிருந்து கிடைத்தது. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நலமுள்ள 20 வயது இளைஞர்கள் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே வைக்கப்பட்டனர். அதன் முடிவில் அவர்களின் ‘உச்ச ஆக்சிஜன் நுகர்வு’, அதாவது முழு மூச்சோடு உழைக்கும்போது உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் பேரளவு, ஏறத்தாழ 27 விழுக்காடு வீழ்ந்திருந்தது. அதே ஐவர் 30 ஆண்டுகளுக்குப் பின், 50 வயதில், மீண்டும் சோதிக்கப்பட்டபோது, முப்பது ஆண்டு முதுமை விளைவித்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை விளைவித்த இழப்பே பெரிதாயிருந்தது தெரியவந்தது. நாள்தோறும் புவியீர்ப்புக்கு எதிராக நிமிரும் வேலை இல்லாதபோது இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது, இதயம் நிரம்பும் அளவு குறைகிறது, அழுத்த உணர்விகளும் மந்தமாகின்றன.

இதே உண்மையை வேறொரு வாழ்க்கைச் சூழலில் ஜெரி மோரிஸும் அவருடைய உடனாய்வாளர்களும் 1953இல் வெளிப்படுத்தினர். லண்டன் மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படிகளில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களிடம் இதயத் தமனி நோய் குறைவாகவும், தாக்கினால் கடுமை தணிந்தும் காணப்பட்டது. இருவரும் ஒரே வண்டியில், ஒரே நேரம் பணிபுரிந்தவர்கள். ஒருவர் அமர்ந்தே இருந்தார், மற்றவர் நின்றும் நடந்தும் ஏறியும் இருந்தார். பணியில் சேர்ந்தபோதே இரு பிரிவினரின் உடல்வாகு வேறுபட்டிருந்தது என்பதும் பின்னர் கணக்கில் கொள்ளப்பட்டது; ஆயினும் உடலுழைப்பும் இதய நலமும் பற்றிய ஆராய்ச்சித் துறை இந்த ஒப்பீட்டிலிருந்தே பிறந்தது.

மூச்சும் உதரவிதானமும்

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் குவிமாட வடிவத் தசையான உதரவிதானமே அமைதியான மூச்சின் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அது சுருங்கிக் கீழிறங்கினால் நுரையீரல் விரியும். தளர்ந்து மேலேறினால் காற்று வெளியேறும். ஓய்வில் ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் வீதம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று சென்றுவருகிறது. கடும் பயிற்சியில் இது 100 லிட்டரைத் தாண்டுகிறது. படுக்கும்போது வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால், இயல்பாக மூச்சுவிட்ட பின் நுரையீரலில் எஞ்சும் காற்று அரை லிட்டருக்கும் மேலாகக் குறைகிறது. கூன்போட்டு அமர்ந்திருக்கும்போது விலாக்கூடு வயிற்றின்மேல் இறங்கி அமர்வதால் உதரவிதானம் கீழிறங்க இடமின்றிப் போகிறது. மேசையின்மேல் கவிந்து நாள் முழுவதும் எழுதுவோருக்கும் கைப்பேசியில் குனிந்திருப்போருக்கும் மூச்சு மேலோட்டமாவதற்கு இது ஒரு காரணம்.

உடலமைவு காற்றின் அளவை மட்டுமன்றி அதன் பங்கீட்டையும் மாற்றுகிறது. ஜான் வெஸ்ட் முதலானோர் 1960களில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் கதிரியக்க வாயுக்களைக் கொண்டு செய்த ஆய்வுகள், நிமிர்ந்திருக்கும் ஒருவரின் நுரையீரலில் அடிப்பகுதிக்கு இரத்தம் மிகுதியாகவும் உச்சிப்பகுதிக்கு மிகக் குறைவாகவும் செல்வதைக் காட்டின. இரத்தம் எட்டாத காற்றறைகளில் நிறையும் காற்று வீணாகிறது. பயிற்சியின்போது நுரையீரல் தமனியின் அழுத்தம் சற்று உயர்ந்து உச்சிப்பகுதிக்கும் இரத்தம் ஏறுவதால், முன்பு உறங்கிக் கிடந்த காற்றறைகளும் வேலைக்கு வருகின்றன. உடலமைவின் ஆற்றலை நோயின் எல்லையிலும் காண முடிகிறது: கடுமையான நுரையீரல் செயலிழப்பில் நோயாளியை நெடுநேரம் குப்புறப் படுக்கவைப்பது இறப்பைக் கணிசமாகக் குறைக்கிறது என்பதை 2013இல் வெளியான பிரெஞ்சு மருத்துவர்களின் ஆய்வு நிறுவியது, கொரோனாத் தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் இம்முறை பரவலாகக் கையாளப்பட்டது. மருந்து ஏதுமின்றி, உடலைத் திருப்பி வைப்பதாலேயே நுரையீரலின் வேலை மாறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு சுற்றுக்குள் நிகழ்பவை

இக்கருத்துகளைக் கொண்டு சூரிய நமஸ்காரத்தின் ஒரு சுற்றைப் பின்தொடரலாம். கைகூப்பி நிற்கும் முதல் நிலையில் இரத்தம் கால்களை நோக்கி இறங்கியிருக்கிறது. கைகளை உயர்த்திப் பின்வளையும் இரண்டாம் நிலையில் விலா எலும்புகள் மேலெழுந்து மார்புக்கூடு விரிவதால் மூச்சு தானாகவே உட்புகுகிறது. அவ்வுள்மூச்சு சிரை இரத்தத்தையும் மார்புக்கு இழுக்கிறது. குனிந்து பாதத்தைத் தொடும் மூன்றாம் நிலையில் வயிறு அழுந்தி உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் காற்று வெளியேறுவதே இயல்பு. இங்கு மூச்சை உள்ளிழுக்க முயல்பவர் தன் உடலோடு தானே போராடுகிறார்.

இதே நிலையில் தலை இதயத்துக்குக் கீழே வருகிறது. நிற்கும்போது இதயத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே உள்ள மூளையின் தமனியில் அழுத்தம் இதய மட்டத்தைவிட ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் பாதரச அளவு குறைவாக இருக்கும். தலை அதே தொலைவு கீழே வந்தால் அதே அளவு கூடுதலாகும். கழுத்திலுள்ள அழுத்த உணர்விகள் இந்த உயர்வை உணர்ந்து இதயத்தை மெதுவாக்கச் சொல்கின்றன. உழைக்கும் தசைகளோ வேகப்படுத்தச் சொல்கின்றன. எதிரெதிரான இவ்விரு கட்டளைகளுக்கும் இடையே இதயம் தன் வேகத்தைத் தேர்ந்துகொள்கிறது.

ஒரு காலைப் பின்னே நீட்டும் நான்காம் நிலையும், இடுப்பை உயர்த்தி நிற்கும் ஐந்தாம் நிலையும் தொடைத் தசைகளையும் தோள்களையும் ஒருங்கே உழைக்கவைக்கின்றன. ஐந்தாம் நிலையில் வயிற்றுறுப்புகளின் எடை உதரவிதானத்தின்மேல் சாய்வதால் வெளிமூச்சு எளிதாகிறது; அடுத்த உள்மூச்சில் அந்த எடையைத் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டியிருப்பதால் உதரவிதானம் தானே ஒரு பயிற்சியைப் பெறுகிறது. எட்டு உறுப்புகள் தரையைத் தொடும் ஆறாம் நிலையில் கைத்தசைகள் நீளம் மாறாமல் இறுகி நிற்கின்றன. இவ்வகை இறுக்கம் தசைக்குள் ஓடும் குழாய்களை நெரிப்பதால் இதயத் துடிப்பைவிட இரத்த அழுத்தத்தையே மிகுதியாக உயர்த்தும். ஏழாம் நிலையான புஜங்காசனத்தில் மார்பு மீண்டும் திறக்கிறது. பின்பு வரிசை திரும்பி, பத்தாம் நிலையின் குனிவிலிருந்து பதினொன்றாம் நிலையில் எழும்போது, தலைப்பக்கம் கூடியிருந்த இரத்தம் கீழிறங்க, அழுத்த உணர்விகளுக்கு ஒரு புதிய சோதனை வைக்கப்படுகிறது. நடையிலோ ஓட்டத்திலோ கிடைக்காத இச்சோதனை ஒவ்வொரு சுற்றிலும் அவற்றுக்குத் தவறாமல் வாய்க்கிறது.

அளந்து கண்டவை

1961இல் வெங்கர், பக்சி, அனந்த் ஆகிய மூவர், இதயத்தைத் தம் விருப்பப்படி நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளை இந்தியாவில் இதய மின்வரைவியோடு சோதித்து வெளியிட்ட கட்டுரை இங்கு குறிப்பிடத்தக்கது. நாடி கைக்குத் தட்டுப்படாமல் போனபோதும் இதயம் துடித்துக்கொண்டே இருந்ததை மின்வரைவி காட்டியது. மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால் சிரை இரத்தம் மார்புக்குள் நுழைய இயலாமல், இதயம் அனுப்புவதற்கு இரத்தமின்றித் துடித்தது என்பதே விளக்கமாயிற்று. வந்து சேர்வதே வெளியேறும் என்னும் விதிக்கு இது கண்கூடான சான்றாகும். இறுக்கமான நிலைகளில் மூச்சை அடக்கலாகாது என்னும் அறிவுரைக்கும் இதுவே அடிப்படை.

தில்லியிலுள்ள பாதுகாப்பு உடலியல் மற்றும் சார்பு அறிவியல் நிறுவனத்தார் இராணுவ வீரர்களிடம் சூரிய நமஸ்காரத்தை நிலைதோறும் அளந்து 2004இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஆக்சிஜன் நுகர்வு முதல் நிலையில் நிமிடத்துக்கு 0.35 லிட்டராகவும் எட்டாம் நிலையில் 1.22 லிட்டராகவும் இருந்தது. சராசரி ஆற்றல் செலவு நிமிடத்துக்கு 3.79 கிலோகலோரி. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு எட்டாம் நிலையின் அளவு ஓய்வு நிலையைப்போல் ஏறத்தாழ 6 மடங்காகும். சராசரியோ 4 மடங்குக்குச் சற்றுக் குறைவு. 3 முதல் 6 மடங்கு வரையிலானது ‘மிதமான’ உழைப்பு என்பது மருத்துவ உலகின் வகைப்பாடு. எனவே நிதானமாகச் செய்யும் சூரிய நமஸ்காரம் மிதமான பயிற்சியின் கீழ்ப்படியில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். அது ஓட்டத்துக்கு ஈடு என்று சொல்வது மிகை, வெறும் நீட்டல் பயிற்சி என்று சொல்வது குறைத்து மதிப்பிடுவது.

வேகம் மாறினால் பயன் மாறும் என்பதைப் புதுச்சேரி ஜிப்மரின் உடலியல் ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஒப்பீடு காட்டுகிறது. ஆறு மாதம் மெதுவாகச் செய்த மாணவர்களும் வேகமாகச் செய்த மாணவர்களும் மூச்சுத் திறனிலும் மூச்சுத் தசைகளின் வலுவிலும் முன்னேறினர். ஆனால் வேகமாகச் செய்தோரிடம் ஏரோபிக் பயிற்சியை ஒத்த விளைவுகளும், மெதுவாகச் செய்தோரிடம் யோகப் பயிற்சியை ஒத்த விளைவுகளும் தென்பட்டன.

நாள்பட்ட மாற்றங்கள்

ஏரோபிக் பயிற்சி மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயக் கீழறை தாராளமாக விரிகிறது. துடிப்பளவு கூடுவதால் ஓய்வில் துடிப்பு குறைகிறது. தசைகளில் நுண்குழாய்களும், ஆற்றலைப் பிறப்பிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் மிகுவதால், அதே இரத்தத்திலிருந்து கூடுதல் ஆக்சிஜன் எடுக்கப்படுகிறது. இதயம் அனுப்பும் இரத்தத்தின் அளவை, அதன் ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் திசுக்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனால் பெருக்கினால் கிடைப்பதே மொத்த நுகர்வு என்று அடால்ஃப் ஃபிக் 1870இல் வகுத்த சமன்பாட்டின் இரண்டு காரணிகளும் இவ்வாறு வளர்கின்றன. நுரையீரலோ வளர்ந்த மனிதரிடம் பயிற்சியால் பெரிதாவதில்லை. மாறுவது அதை விரிக்கும் தசைகளின் வலுவும், விலாக்கூட்டின் நெகிழ்வும், மூச்சின் ஆழமும் ஆகும். உடலமைவைக் கருதும் பயிற்சியின் தனிப்பயன் இங்கேதான் தங்குகிறது: இருக்கும் நுரையீரலை முழுமையாகப் பயன்படுத்த அது கற்பிக்கிறது.

முறையும் எச்சரிக்கையும்

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளுக்கு இரண்டு மூன்று சுற்றுகளால் இந்த அளவு நிறைவடையாது. அரைமணி நேரம் தொடர்ந்து செய்வதோ, நடையோடு சேர்த்துச் செய்வதோ தேவை. பேச முடிந்து, பாட முடியாத அளவுக்கு மூச்சு விரைந்திருப்பதே மிதமான உழைப்பின் எளிய அடையாளம். குனியும்போது வெளிமூச்சும் நிமிரும்போது உள்மூச்சும் அமையும் வேகமே ஒருவருக்கு உரிய வேகமாகும். மூச்சு அசைவை விட்டு விலகும் இடத்தில் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

தலை தாழ்வது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தையும் உயர்த்துவதால் கண்ணழுத்த நோயுள்ளோரும், கட்டுக்குள் வராத இரத்தக் கொதிப்பு உள்ளோரும், முதுகுத் தட்டு விலகியோரும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும், கருவுற்றோரும் மருத்துவரின் கருத்தறியாமல் இப்பயிற்சியைத் தொடங்கலாகாது. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ தாழ்வது ‘நிமிர்நிலைத் தாழ்வழுத்தம்’ எனப்படும். முதியோரிடமும் இரத்தக் கொதிப்புக்கு மருந்து உட்கொள்வோரிடமும் இது மிகுதி. இவர்கள் குனிவிலிருந்து படிப்படியாக எழுவதும், நாற்காலியைப் பற்றிக்கொண்டு அரைக்குனிவோடு நிறுத்திக்கொள்வதும் பயிற்சியின் பயனைக் குறைத்துவிடுவதில்லை.

நிறைவு

பள்ளிகளிலும் பொது விழாக்களிலும் சூரிய நமஸ்காரம் இன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வடிவமாகவே கற்பிக்கப்படுகிறது. முழங்கால் வளையாமல் இருக்கிறதா, கை நேராக உள்ளதா என்பதே மதிப்பிடப்படுகிறது. முதல் சுற்றுக்கு முன்னும் கடைசிச் சுற்றுக்குப் பின்னும் தன் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளவும், ஒவ்வொரு குனிவிலும் மூச்சு எந்தப் பக்கம் செல்கிறது என்று கவனிக்கவும் ஒரு மாணவருக்குக் கற்றுக்கொடுத்தால், அவர் ஹார்வியும் ஸ்டார்லிங்கும் கண்ட உண்மைகளைத் தன் உடலிலேயே கண்டுகொள்வார். அதற்கு ஒரு கடிகாரமும் ஆசிரியரின் பொறுமையும் போதும். ஆறு மாதம் கழித்து அதே வேகத்தில் அதே சுற்றுகளைச் செய்து, குறிப்பேட்டில் நாடியின் எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காணும் நாளில், பயிற்சி ஏன் தேவை என்று அவருக்கு வேறு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.